விழுமிய ஆகன் சமுகமளிக்கவில்லை

வடகடல் ஒளியியல் ஆராய்ச்சி நிலையம், காங்கேசன்துறை.
பரிசோதனை அனுமதிக் குழு, முதலாவது கூட்டம், ஓகஸ்ட் 6.

சமுகமளித்தோர்:
பேராசிரியர் இராசநாயகம், பணிப்பாளர் (தலைவர்)
திருமதி குணலட்சுமி, நிர்வாக உத்தியோகத்தர் (செயலாளர்)
திரு. எமில்ராஜ், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (விண்ணப்பத்தின் தலைப்பில் 'கொத்தணி' என்ற சொல் வருவதால்)
செல்வி ஆரணி, இசை விரிவுரையாளர் (அதே தலைப்பில் 'இசையம்' என்ற சொல் வருவதால்)
செல்வி நிரோஜினி, ஆராய்ச்சி மாணவி
திரு. கனிசியஸ், தொழினுட்ப உதவியாளர்

சமுகமளிக்காதோர்:
விழுமிய ஆகன் (காரணம் அறிவிக்கப்படவில்லை)

கூட்டறிக்கையின் முதற்பக்கம் இவ்வளவுதான். நிரோஜினி அதை மூன்று தரம் வாசித்தாள். நான்காம் தரம் வாசித்தாலும் ஆகன் வரப்போவதில்லை என்று தெரிந்ததும் மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

ஆகன் ஒரு வாயு. நிறமில்லை, மணமில்லை. எதனோடும் சேராது, எதனோடும் சண்டைக்கும் போகாது. அந்தக் குணத்துக்காகவே பாடப்புத்தகம் அதற்கும் அதன் இனத்தாருக்கும் விழுமிய வாயுக்கள் என்று பெரிய பெயர் கொடுத்திருக்கிறது. நிலையத்தின் பின்பக்கத்துக் களஞ்சிய அறையில், ஆளுயர உருக்குச் சிலிண்டர் ஒன்றுக்குள் அது இருந்தது. அறைக்கு ஆமைப்பூட்டு. திறப்பு பணிப்பாளரின் மேசை லாச்சிக்குள்.

நிரோஜினிக்கு வேண்டியிருந்தது ஒரு கிழமை. ஆகனை மயிர்த்துவாரம் என்கிற, மயிரளவு ஓட்டை கொண்ட சின்ன உலோகக் குழல் ஒன்றின் வழியாக வெற்றிடத்துக்குள் பாயவிட வேண்டும். நெருக்கத்திலிருந்து வெட்டவெளிக்கு வந்தவுடன் வாயு குளிர்ந்துபோகும். குளிர்ந்த அணுக்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தணியாகும். அந்தக் கொத்தணியை லேசரால் அடித்தால், அணுவிலிருந்து ஓர் இலத்திரன் பிய்ந்து வெளியே போய், திரும்பி வந்து விழும். விழும்போது புது வெளிச்சம் கிளம்பும். அடித்த வெளிச்சத்தை விடப் பல மடங்கு அதிர்வெண் கொண்ட அந்த வெளிச்சத்துக்குத்தான் இசையம் என்று பெயர். அணுக்கள் தனித்தனியாக இருப்பதை விடக் கூட்டமாக இருந்தால் அந்த வெளிச்சம் கூடுமா குறையுமா? வெளிநாட்டில் சிலர் கூடும் என்றார்கள். சிலர் குறையும் என்றார்கள். ஐந்து வருடமாக நிரோஜினி இந்த ஒரு கேள்வியோடு குருநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்துபோய்க்கொண்டிருந்தாள்.

லேசர் ஜேர்மனியிலிருந்து இரவலாக வந்தது. செப்ரெம்பர் 30 அன்று லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும். அவளுடைய பட்டப் பதிவும் அதே நாளில் முடிகிறது. அளந்தால் பட்டம். அளக்காவிட்டால் ஐந்து வருட பஸ் பயணம்.

பட்டியல் இப்படி ஆனதில் பிழை அவள் பக்கமும் உண்டு. விண்ணப்பப் படிவத்தின் ஒன்பதாம் கேள்வி, 'பரிசோதனைக்கு இன்றியமையாதோர் (ஆகக் குறைந்தது மூவர்)' என்றிருந்தது. இருந்தது இரண்டு பேர். அவளும், குருநகரில் படகு எஞ்சின் திருத்திக்கொண்டிருந்துவிட்டு நிலையத்துக்கு வந்து, அந்த மயிர்த்துவாரத்தைத் தன் கையாலேயே கடைந்து கொடுத்த கனிசியஸும். குணலட்சுமி படிவத்தை இரண்டு தரம் திருப்பி அனுப்பினாள். மூன்றாம் தரம் ஆரையாவது போடும் பிள்ளை, மூண்டு பேர் இல்லாட்டிக் கணினி எடுக்காது என்றாள். நிரோஜினி யோசித்துப் பார்த்தாள். அந்தக் கட்டடத்தில் பரிசோதனைக்கு இன்றியமையாத மூன்றாவது ஆள் என்று ஒருவருமே நினைவுக்கு வரவில்லை. 'விழுமிய ஆகன்' என்று எழுதினாள். அது உண்மை. ஓர் அலுவலகப் படிவத்தில் உண்மையை எழுதினால் என்ன நடக்கும் என்பதை ஐந்து வருடத்தில் அவள் படித்திருக்கவில்லை.

விதி எளிமையானது. இன்றியமையாதோர் எல்லாரும் கூட்டத்துக்கு வந்து கையெழுத்து வைத்தால்தான் களஞ்சியம் திறக்கப்படும்.

அன்று பின்னேரம் அவள் களஞ்சியத்தின் பின்பக்கம் போய், யன்னலின் உடைந்த கண்ணாடிக்குள்ளால் எட்டிப் பார்த்தாள். சிலிண்டரில் பொருத்திய அமுக்க மீற்றரின் முள் 120இல் நின்றது. அந்த மீற்றரைக் கனிசியஸ் பொருத்திக்கொண்டிருந்தபோதுதான், அனுமதி வரும்வரை என்று அறையைப் பூட்டினார்கள். மூட்டுவாயை இறுக்கி முடிக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. வாயு மெல்ல மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. முள் 40க்குக் கீழே போனால் கொத்தணி சேராது.

"இன்னும் ரண்டு சுத்து," என்றார் கனிசியஸ், பூட்டைப் பார்த்துக்கொண்டு. "ரண்டே ரண்டு சுத்து இறுக்கினாக் காணும், தங்கச்சி."

வீட்டில் தாய் பெர்னடெட் கைப்பைக்குள் கிடந்த கூட்டறிக்கையை எடுத்து வாசித்துவிட்டு, ஆர் உவர் ஆகன், வேதக்காரரோ சைவமோ என்று கேட்டாள். வாயு என்றாள் நிரோஜினி. வாயுத் தொல்லையெண்டா வேர்க்கொம்பு அவிச்சுக் குடிக்கச் சொல்லு, அதுக்காகக் கூட்டத்துக்குப் போகாமல் விடுறதோ என்றாள் பெர்னடெட்.

இரண்டாவது கூட்டம் ஓகஸ்ட் 20 அன்று நடந்தது. முள் 98. கூட்டறிக்கையில் திருத்தம் உண்டா என்று தலைவர் கேட்டதும் நிரோஜினி எழுந்தாள். ஆகன் ஓர் ஆள் அல்ல, வாயு, பின்னால் சிலிண்டருக்குள் இருக்கிறது, ஆகவே அந்தப் பெயரை நீக்கிவிட வேண்டும் என்றாள். கனிசியஸ் அதை வழிமொழிந்தார்.

இராசநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் நல்ல மனிதர். ஒருவரையும் கடிந்து பேசமாட்டார், ஒன்றையும் மறுக்கமாட்டார். முப்பது வருடமாக அவர் மறுத்த விண்ணப்பம் ஒன்றுகூட இல்லை. அனுமதித்ததும் இல்லை.

"ஆகன் வாயுவெண்டு எனக்குத் தெரியாதே, பிள்ளை? நானும் இரசாயனம் படிச்சுத்தான் வந்தனான்," என்றார். "ஆனால் அது வகுப்பிலை. இது பதிவு. பதிவிலை ஒருத்தற்றை பேர் வந்திட்டுதெண்டால், அவரைக் கேக்காமல் வெட்டுறது நியாயமோ? முந்தி இஞ்சை ஒருத்தற்றை பேரை அவர் இல்லாத நேரம் வெட்டிப்போட்டு, பதினொரு வருஷம் வழக்குப் பேசினனாங்கள். அதுக்குப் பிறகுதான் உந்த விதி. சம்பந்தப்பட்டவர் எழுத்திலை சம்மதம் தரட்டும். அண்டைக்கே வெட்டுவம்."

ஆகவே ஆகனுக்குப் பதில் வரும்வரை, ஆகக் கூடியது மூன்று தரம், பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பத் தீர்மானமாயிற்று. விலாசம்: வாயுக் களஞ்சியம், இதே வளாகம்.

அடுத்ததாக ஆரணி கையை உயர்த்தினாள். இரண்டு கூட்டமாக, ஏன் வந்திருக்கிறோம் என்று தெரியாமலே ஒழுங்காக வந்துகொண்டிருந்த பெண் அவள்.

"வீணைத் தந்தியை ஒருக்காத் தட்டினா, அடிச்சுரத்தோடை சேர்ந்து மேல்சுரங்களும் மெல்லிசாக் கேக்கும். உங்கடை வெளிச்சத்திலையும் அப்பிடித்தானோ?"

நிரோஜினி அவளைப் பார்த்தாள். ஐந்து வருடத்தில் அந்தக் கட்டடத்துக்குள் அவளிடம் ஆய்வைப் பற்றிக் கேட்கப்பட்ட முதலாவது கேள்வி அது. ஓம், அப்பிடித்தான், சரியா அப்பிடித்தான் என்றாள். தலைவர் குறுக்கிட்டு, இது இசை சம்பந்தமான விடயம், விஞ்ஞானக் குழுவில் எடுப்பது ஒழுங்கல்ல என்றார். கூட்டறிக்கையில் 'கேள்வி ஒன்று எழுந்து அடங்கியது' என்று குணலட்சுமி பதிந்துகொண்டாள்.

எமில்ராஜின் முறை வந்தது. கொத்தணியில் எத்தனை பேர் என்று கேட்டார். ஆயிரம், சிலவேளை பத்தாயிரம் என்றாள் நிரோஜினி. இடைவெளி? இடைவெளி இல்லை, ஒட்டிக்கொண்டுதான் நிற்கும். எமில்ராஜ் சிரிக்கவில்லை. கொரோனாக் காலத்தில் ஒரு வீட்டில் மூன்று பேருக்குக் காய்ச்சல் என்று முழு ஒழுங்கையையும் கயிறு கட்டி மறித்தவர் அவர். அப்போது அந்த மூன்று பேருக்கும் அறிக்கையில் அவர் எழுதிய பெயர் கொத்தணி. மூன்றுக்கே ஒழுங்கை. பத்தாயிரத்துக்கு என்ன செய்வதென்று சுற்றறிக்கையில் இல்லாதபடியால், இருந்ததைச் செய்தார். மறுநாள் களஞ்சியக் கதவில் மஞ்சள் நாடா ஒட்டப்பட்டது. பதினான்கு நாள் தனிமைப்படுத்தல்.

அந்தப் பதினான்கு நாளும் நிரோஜினி காலையில் வந்ததும் யன்னலடிக்குப் போனாள். 94, 90, 85. லேசர் அறையில் எல்லாம் தயாராக இருந்தது. பம்பிகள் ஓடின. வெற்றிடம் நன்றாக இருந்தது, அதற்குள் ஒன்றுமே இல்லை. தபால்காரர் பதிவுத் தபாலோடு மூன்று தரம் வந்தார். மூன்று தரமும் கையெழுத்துக்கு ஆள் கேட்டார்.

"அவர் உள்ளைதான் இருக்கிறார்," என்றார் கனிசியஸ். "ஆனா ஆரோடையும் கதைக்கிறேல்லை."

"பெரிய ஆளோ?" என்று கேட்டார் தபால்காரர்.

"விழுமியம் எண்டு போட்டிருக்கெல்லே."

மூன்று தரமும் தபால்காரர் கடிதத்தைக் கதவுக்குக் கீழால் தள்ளிவிட்டுப் போனார். மூன்று கடிதங்களும் சிலிண்டரின் காலடியில் கிடந்தன.

மூன்றாவது கூட்டம் செப்ரெம்பர் 10. முள் 62. நாடாவை எமில்ராஜ் கழற்றியிருந்தார். பதினான்கு நாளும் உள்ளிருந்து இருமல் சத்தம் கேட்கவில்லை என்று எழுத்தில் கொடுத்தார். ஆனால் சம்மதக் கடிதம் வரவில்லை. நிரோஜினி இந்தத் தரம் வாயு, ஆள் என்ற விவாதத்துக்கே போகவில்லை. லேசர் இன்னும் இருபது நாள்தான் நிற்கும், முள் இறங்கிக்கொண்டிருக்கிறது, இது வீணாய்ப்போனால் கூட்டமாக இருந்தால் வெளிச்சம் கூடுமா குறையுமா என்று அறிய வேறு வழியே இல்லை என்றாள்.

இராசநாயகம் உண்மையிலேயே வியந்துபோனார்.

"இதைத்தானோ அளக்கப்போறீர்? கூடினால் வெளிச்சம் கூடுமோ குறையுமோ எண்டோ? பிள்ளை, நான் முப்பது வருஷமாக் கூட்டம் வைக்கிறன். ஒரு நாளும் உதை அளந்து பார்க்கச் சொல்லி ஆரும் கேட்டதில்லை. அளந்து, குறையுதெண்டு வந்தால் நாங்கள் என்ன செய்யிறது?"

சம்மதம் கேட்டு நினைவூட்டற் கடிதம் அனுப்பத் தீர்மானமாயிற்று.

வெளியே வந்ததும் கனிசியஸ் அவளை வளவின் ஓரத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். உவங்களோடை கதைச்சுப் பிரயோசனமில்லை என்றார். யாழ்ப்பாணத்தில் துருப்பிடிக்காத உருக்கு ஒட்டுகிற பட்டறைகளிலும் ஆகன்தான் பாவிக்கிறார்கள். தனக்குத் தெரிந்த பெடியன் ஒருவன் தன்னைக் கண்டால் சிலிண்டரைச் சும்மா தூக்கித் தருவான். அவ்வளவு தூய்மையாக இராது, ஆனால் இந்தக் கட்டடத்துக்கு அந்தத் தூய்மை போதும். நிரோஜினிக்கு அன்றிரவு நித்திரை வந்தது. பல நாளைக்குப் பிறகு.

செப்ரெம்பர் 17 காலை ஓட்டோவின் பின் ஆசனத்தில் சிலிண்டரைச் சாய்த்து, கவிழாமல் கயிறு போட்டுக் கட்டி, கனிசியஸ் அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்தபடி வந்து இறங்கினார். வாசலில் காவலாளி சுபாஸ் பதிவுப் புத்தகத்தை விரித்தான். ஆள் நல்லவன்தான். புத்தகம் இல்லாத நேரங்களில்.

"என்ன சாமான், அண்ணை?"

"ஆகன்."

சுபாஸ் எழுதத் தொடங்கிய பேனையை நிறுத்தினான். உள்ளே ஏற்கெனவே ஓர் ஆகன் இருக்கிறார், அவருக்கு மூன்று பதிவுத் தபால் வந்ததைத் தானே கண்டதாகச் சொன்னான். அதே பேரிலை இன்னொராளை விட்டால் ஆள்மாறாட்டம், தன்ரை வேலை போயிடும்.

"தம்பியெண்டு போடன்ரா," என்றார் கனிசியஸ். "தமையனைப் பார்க்க வந்திருக்கிறார்."

சுபாஸ் யோசித்தான். அதற்குப் புத்தகத்தில் இடமிருந்தது. "தம்பியெண்டால் பார்வையாளர். பார்வையாளர் அரை மணித்தியாலம் இருக்கலாம். ஆனா வாங்கிலைதான் இருக்கவேணும், உள்ளுக்கு விடேலாது."

பட்டறை ஆகன் வரவேற்பறையில், ஆட்கள் குந்தியிருக்கும் மர வாங்கில், அரை மணித்தியாலம் இருந்தது. கழுத்தில் பார்வையாளர் அட்டை. நிரோஜினி ஓடி வந்து பக்கத்தில் இருந்தாள். லேசர் அறை அங்கிருந்து நாற்பது அடி. இடையில் ஒரு கண்ணாடிக் கதவு. குணலட்சுமி அக்காவிடம் போய்க் கேட்டாள். பணிப்பாளரின் அனுமதி வேண்டும் என்றாள் குணலட்சுமி. பணிப்பாளர் கூட்டமொன்றில் இருந்தார். முப்பதாவது நிமிடம் சுபாஸ் வந்து அட்டையைக் கழற்றினான். ஓட்டோக்காரன் இன்னும் நின்றான். கனிசியஸ் சிலிண்டரைத் தூக்கினார். தூக்கும்போது நெற்றி நரம்பு புடைத்தது. வந்த பாரத்தை விடப் போகிற பாரம் கூட.

நான்காவது கூட்டம் செப்ரெம்பர் 24. முள் 44. இன்னும் நாலு. நிரோஜினி கணக்குப் போட்டு வைத்திருந்தாள்: இன்றைக்குத் திறந்தால், இன்றைக்கே இறுக்கினால், இரண்டு நாள் விடாமல் அளக்கலாம். வரைபில் ஒரு கோடு கீற அது காணும்.

கூட்டம் தொடங்கியதும் தலைவரின் முகத்தில் வழக்கத்துக்கு மாறான பிரகாசம் தெரிந்தது. கொழும்பிலிருந்து கடிதம் வந்திருந்தது. நாலு வருடமாக வெற்றிடமாகக் கிடக்கும் ஆராய்ச்சி அலுவலர் பதவியை 30ஆம் திகதிக்குள் நிரப்பாவிட்டால் பதவியே ரத்து. நிலையத்து ஆட்களின் பைல் கோவைகளை எல்லாம் தானும் குணலட்சுமியும் இருந்து பார்த்ததாகச் சொன்னார். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு முறைப்பாடு, ஏதோ ஒரு வேண்டுகோள். கறையில்லாத கோவை ஒன்றுதான் இருந்தது.

"ஒரு நாள் லீவு எடுக்கேல்லை. ஒருத்தரையும் எதிர்த்துக் கதைக்கேல்லை. மூண்டு பதிவுத் தபால், ஒரு நினைவூட்டல், ஒண்டுக்கும் கோபப்பட்டுப் பதில் போடேல்லை. பதினாலு நாள் அடைச்சு வைச்சம், முறைப்பாடு இல்லை. ஒண்டோடையும் சேரமாட்டார், எந்தத் தாக்கத்திலும் பங்குபற்றமாட்டார் எண்டு பாடப்புத்தகமே உறுதிப்படுத்துது. முப்பது வருஷமா நான் தேடின அலுவலர் இவர்தான்."

நியமனம் ஏகமனதாக நிறைவேறியது. ஆரணி மட்டும் கையைத் தூக்குவதா விடுவதா என்று நிரோஜினியைப் பார்த்தாள். பாதி தூக்கிய கையைக் குணலட்சுமி முழுதாக எண்ணிக்கொண்டாள்.

நிரோஜினி எழுந்தாள். சத்தம் போட வேண்டும் போலிருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது விண்ணப்பத்தின் தமிழ்தான்.

"சேர், அவர் பதவியிலை இருக்கட்டும். ரண்டே ரண்டு நாளைக்கு அவரை எனக்குத் தாங்கோ. துவாரத்துக்குள்ளாலை விட்டு, லேசராலை அடிச்சுப் பார்த்திட்டு..."

அவர் என்று சொல்லிவிட்டதை அவள் கேட்டாள். மற்றவர்களும் கேட்டார்கள். தலைவர் இரக்கத்தோடு தலையை ஆட்டினார்.

"நிரந்தர அலுவலரைத் துவாரத்துக்குள்ளாலை தள்ளி அடிக்க என்னாலை அனுமதி தரேலாது, பிள்ளை. தாபன விதிக்கோவையிலை இடமில்லை."

செப்ரெம்பர் 30 காலை ஒன்பது மணிக்கு லேசரை ஏற்ற லொறி வந்தது. ஒன்பதரைக்கு ஆராய்ச்சி அலுவலரின் அறை திறப்பு விழா. இரண்டுக்கும் ஒரே வாசல் என்றபடியால் லொறியைக் கொஞ்சம் பின்னால் எடுக்கச் சொன்னார்கள். களஞ்சியக் கதவுக்கு மாவிலை கட்டி, முன்னால் நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்திருந்தார்கள். கதவுக்கு மேலே புதுப் பலகை: விழுமிய ஆகன், ஆராய்ச்சி அலுவலர். ஆமைப்பூட்டை இராசநாயகம் தன் கையாலேயே திறந்தார். எட்டுக் கிழமையாக நிரோஜினி பார்த்துக்கொண்டிருந்த பூட்டு. அரை நிமிடம் எடுத்தது.

சிலிண்டருக்கு முன்னால் மேசை போட்டிருந்தார்கள். மேசையில் பேனை, மணி, காலியான கோவைத் தட்டு. குணலட்சுமி மல்லிகை மாலையைச் சிலிண்டரின் கழுத்தில் போட்டாள். அது ஒரு பக்கம் சரிந்தது. நேராக விழட்டும் என்று, மாலை சிக்கியிருந்த, மீற்றரின் பக்கத்து வால்வுத் திருகைப் பிடித்து அரைச் சுற்றுத் திருப்பினாள்.

சீறிக்கொண்டு சத்தம் கிளம்பியது.

"மூடுங்கோ, அக்கா," என்று நிரோஜினி முன்னால் பாய்ந்தாள். சுபாஸ் கையை நீட்டி மறித்தான். சம்பிரதாயம் முடியும்வரை அலுவலரின் அறைக்குள் மாணவர்கள் போகக்கூடாது என்று அவனுக்குச் சொல்லப்பட்டிருந்தது. கனிசியஸையும் மறித்தான், மன்னிக்கோ அண்ணை என்று சொல்லிக்கொண்டே. இராசநாயகம் சத்தத்துக்கு மேலால் குரலை உயர்த்தி உரையைத் தொடர்ந்தார். அலுவலர் இன்றைக்குத்தான் வாய் திறந்திருக்கிறார், இது நிலையத்துக்குக் கிடைத்த பாக்கியம் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டல் ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் மற்றச் சத்தமும் ஓய்ந்தது.

லொறி புறப்படும் இரைச்சல் கேட்டது. அது போன பிறகு சிற்றுண்டிக்குக் கூட்டம் கலைந்தது. இப்போது போகலாம் என்றான் சுபாஸ். நிரோஜினி உள்ளே போனாள். தரையில் நாலு கடிதம். மாலை நேராகத் தொங்கியது. முள் பூச்சியத்தில் நின்றது.

கதவடியில் குணலட்சுமி ஒரு கொப்பியோடு நின்றாள்.

"அக்கா, உள்ளை ஒருத்தரும் இல்லை," என்றாள் நிரோஜினி. "போயிட்டார்."

குணலட்சுமி கொப்பியைப் புரட்டிப் பார்த்தாள். அது நடமாட்டப் பதிவேடு. வெளியே போகிறவர் நேரம் குறித்துக் கையெழுத்து வைக்க வேண்டும்.

"வெளியிலை போனதா எழுத்தில்லையே," என்றாள். "உள்ளைதான் இருக்கிறார்." பிறகு பக்கத்தைத் திருப்பி வேறொரு வரியைக் காட்டினாள். "நீர்தான் போகவேணும். உம்மடை பதிவு இண்டையோடை முடியுது. இதிலை ஒரு கையெழுத்து வையும்."

நிரோஜினி நேரம் பார்த்து எழுதினாள். பத்து ஐம்பது. கையெழுத்து வைத்தாள். அடையாள அட்டையைக் கழற்றிக் கொப்பிக்கு மேல் வைத்தாள். எட்ட நின்ற கனிசியஸ் பையிலிருந்து தான் கடைந்த மயிர்த்துவாரத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி, வெயிலுக்கு எதிரே பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். துவாரம் திறந்துதான் இருந்தது.

அலுவலருக்கு இடைஞ்சல் வேண்டாம் என்றாள் குணலட்சுமி. நிரோஜினி படியிறங்கியதும் சுபாஸ் அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, ஆமைப்பூட்டைப் போட்டு, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான்.